முதியோர் நாவில் வாழும் கவிதை

முதுமை எய்தியவர்களுக்கு உணவும் உறைவிடமும் மருந்தும் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இம்மூன்றும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், காலை முதல் இரவு வரையில் ‘சாப்பிட்டீர்களா?’, ‘மருந்து குடித்தீர்களா?’ என்னும் இரண்டு கேள்விகளை மட்டுமே செவிமடுத்து வாழும் ஒருவர், பிறருக்குக் கொடுக்கத் தம்மிடம் இனி ஒன்றுமில்லை என்னும் முடிவுக்கு விரைவில் வந்துவிடுகிறார். அம்முடிவே முதுமையின் மிகக் கொடிய நோயாகும்.

அவரிடம் கேட்கத்தக்க மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. ‘உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்று சொல்லுங்கள்’ என்பதே அது. இக்கேள்வியைக் கேட்பதற்குப் பணம் தேவையில்லை, பட்டம் தேவையில்லை. கேட்டுவிட்டுப் பொறுமையுடன் காத்திருக்கும் மனம் ஒன்றே தேவை. முதியோர் இல்லங்களிலும் தோட்டத்து வீடுகளிலும் கவிதையைக் கொண்டு முதியவர்களை மீண்டும் பேசவைக்கும் முயற்சி உலகின் பல பகுதிகளில் நடைபெற்று வருகிறது. அது எத்தகையது, நம் தோட்டப்புறங்களில் அதனை எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

கேமரன் மலையின் மூத்த தலைமுறை

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில் அமைந்துள்ள கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்தாய்ந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரால் வழங்குகிறது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் அங்குப் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைப்பாதை 1931ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்றது. 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களும் பெயர் பெற்றவை.

காட்டை அழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கிள்ளி, தொழிற்சாலையில் இலையை வாட்டி உருட்டிப் பதப்படுத்திய பணிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் பங்கு பெரியது. அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாயிலை மிதித்தறியாதவர்கள். எனினும் அவர்கள் வெறுங்கையுடன் வரவில்லை. துணித்தொட்டிலை ஆட்டும்போது பாடும் தாலாட்டும், மாரியம்மன் திருவிழாவில் வட்டமிட்டு அடிக்கும் கும்மியும், நடவு வயலின் தெம்மாங்கும், இழவு வீட்டின் ஒப்பாரியும், மாலை வேளையின் விடுகதையும் அவர்களுடன் கப்பலேறி வந்தன. வந்த இடத்தில் அப்பாட்டுகளில் புதிய சொற்கள் குடியேறின. கங்காணியும் கிராணியும் துரையும், லயமும் பிரட்டுக்களமும் ஆயாக் கொட்டகையும் பாட்டுக்குள் புகுந்தன.

இன்று அம்மலையில் கொழுந்து கிள்ளும் முறையே மாறிவிட்டது. விரல்கள் செய்த வேலையைக் கத்தரிகளும் இயந்திரங்களும் செய்கின்றன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் தோட்ட வேலையில் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். கூடை சுமந்த தமிழ்த் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேறு தொழில்களில் உள்ளனர். ஆகவே, வேலையோடு சேர்ந்து பிறந்த பாட்டுகளை இனி வேலைக்களத்தில் கேட்க இயலாது. முதியவர்களின் நெஞ்சமே அவற்றின் இருப்பிடம். அம்முதியவர் மறையும் நாளில், எழுதப்படாத ஒரு நூலும் உடன் மறைகிறது.

ரப்பர்த் தோட்டங்களின் நிலையும் இதுவே. மரத்தை வீழ்த்திச் செம்பனை நட்டபோதும், தோட்ட நிலம் வீட்டு மனையாக மாறியபோதும் மக்கள் சிதறினர். ஒன்றுகூடிப் பாடிய வாசலும் மறைந்தது.

இலங்கை மலைநாடு தரும் பாடம்

கேமரன் மலையைப் போலவே தேயிலையையும் தமிழ்த் தொழிலாளரையும் கொண்டது இலங்கையின் மலைநாடு. அங்கு மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஆசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய இவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கிலத்திலும் தமிழிலும் கவிதையும் கதையும் எழுதிப் புகழ் பெற்றவர்.

இவர் செய்த மற்றொரு தொண்டு, லயங்களில் வாழ்ந்த மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்ததாகும். அத்தொகுப்பு 1983ஆம் ஆண்டில் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் பெயரில் நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். ஓராண்டு தாமதித்திருப்பின் அந்நூலைத் தம் கண்ணால் காணும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போயிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாட்டைச் சொல்பவருக்கும் வயது ஏறுகிறது. எழுதிக்கொள்பவருக்கும் வயது ஏறுகிறது. இப்பணிக்கு நாளை என்பது உறுதியில்லை.

நம் நாட்டில் முரசு நெடுமாறன் அரும்பாடுபட்டுத் தொகுத்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1887 முதல் 1987 வரையிலான 100 ஆண்டுக் கவிதை வரலாற்றை அது காத்து நிற்கிறது. எழுத்தறிந்த கவிஞர்களின் படைப்புகள் இவ்வாறு ஏட்டில் இடம் பெறுகின்றன. எழுத்தறியாத தாய்மார்களின் பாட்டை ஏட்டில் ஏற்றும் கடமை, அவர்கள் அருகில் இருக்கும் நம்மையே சார்கிறது.

நினைவு கூர்தலின் பயன்

முதியவர்கள் பழங்கதை பேசுவதைத் தளர்ச்சியின் அடையாளம் என்றே மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கருதியது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இக்கருத்தை மறுத்தார். வாழ்க்கையின் இறுதிக் கட்டத்தை அடைந்தவர்கள் தாம் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது என்றும், முறையாக நடைபெறின் அது மனத்திற்கு அமைதி தரவல்லது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அன்று முதல் நினைவு கூர்தல் என்பது முதியோர் பராமரிப்பில் ஒரு முறையாகவே வளர்ந்துள்ளது.

இப்பணிக்குப் பாட்டு ஏற்ற கருவியாவதற்குக் காரணம் உண்டு. நேற்று வந்தவர் யார் என்பதை மறந்துவிட்ட ஒருவர்கூட, பத்து வயதில் கற்ற பாட்டை அடி பிறழாமல் சொல்லக் காண்கிறோம். இளமையில் பலமுறை சொல்லிப் பழகியவை நினைவில் ஆழப் பதிகின்றன. மேலும், எதுகையும் மோனையும் தாளமும் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு வழிகாட்டுகின்றன. ஏணியின் ஒரு படியில் கால் வைத்தால் அடுத்த படி தானே தட்டுப்படுவதைப் போன்றது இது. மறதி நோயைப் பாட்டு குணப்படுத்தும் என்று யாரும் கருதலாகாது. நோய் பறிக்காமல் விட்டுவைத்த பகுதியை அது பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவே. ஆயினும் அந்நேரத்தில் அம்முதியவர் முகத்தில் தோன்றும் தெளிவு, அவருக்கும் குடும்பத்தாருக்கும் விலை மதிப்பற்றது.

தொழிலாளரும் கவிஞராகலாம்

பழம்பாட்டை நினைவு கூர்வது ஒருபுறமிருக்க, முதியவர்கள் புதிதாகக் கவிதை புனையவும் கூடுமோ என்னும் வினா எழலாம். இதற்கு விடையளிக்கும் நிகழ்ச்சி ஒன்று 1976ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் நடைபெற்றது. கென்னத் கோக் என்னும் அமெரிக்கக் கவிஞர், கேட் ஃபேரல் என்பவரின் துணையுடன் அங்குள்ளோருக்குக் கவிதை வகுப்பு நடத்தினார். ஏறத்தாழ 25 பேர் அதில் கலந்துகொண்டனர். எழுபது, எண்பது, தொண்ணூறு வயதினர் அவர்கள். சிலருக்குக் கண் தெரியாது. சிலர் சக்கர நாற்காலியை விட்டு எழ இயலாதவர்கள். சலவைக் கடையிலும் சமையற்கூடத்திலும் பிறர் வீடுகளிலும் உழைத்து ஓய்ந்தவர்களே அவர்களுள் பலர். கல்லூரி சென்றவர் மிகச் சிலர்.

கோக் கையாண்ட வழி எளியது. இலக்கணம் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பொருளைக் கொடுத்தார்: ஒரு நிறம், ஓர் அமைதியான நேரம், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று, இவ்வாறு. ஆளுக்கு ஓரடி சொல்ல, பலர் சேர்ந்து ஒரு கவிதையாக்குவதில் தொடங்கினார். எழுத இயலாதவர்கள் வாயால் சொல்ல, உதவியாளர்கள் எழுதிக்கொண்டனர். கூட்ட முடிவில் அனைத்தும் உரக்கப் படிக்கப்பெற்றன. அக்கவிதைகளையும் தம் அனுபவத்தையும் சேர்த்து அவர் 1977ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அவர்களை நோயாளிகளாகவன்றிக் கவிஞர்களாகவே அவர் நடத்தினார் என்பதே அம்முயற்சியின் உயிர்நாடி.

2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் கேரி கிளாஸ்னர் என்னும் மற்றொரு அமெரிக்கக் கவிஞர், மறதி நோய் உற்றோருக்காகவே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வழிநடத்துநர் ஓரடியைச் சொல்ல, வட்டமாக அமர்ந்திருப்போர் அதனைத் திருப்பிச் சொல்வது அவர் முறை. நம் பஜனைக் குழுவிலும் கும்மிப் பாட்டிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே, அயல்நாட்டார் புதிதாகக் கண்ட முறைக்கான பயிற்சி நம் முதியோர்க்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது எனலாம்.

கவிதைக் கூட்டத்தை நடத்தும் முறை

முதியோர் இல்லத்திலாயினும், தோட்டத்துக் கோயில் மண்டபத்திலாயினும், கீழ்க்காணும் முறையைப் பின்பற்றலாம்.

முதலாவதாக, இடமும் காலமும். எட்டு முதல் பத்துப் பேர் வட்டமாக அமரலாம். காலைத் தேநீருக்குப் பின் முக்கால் மணி நேரம் போதுமானது. தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டும். காது மந்தமானவரை வழிநடத்துநர் தம் அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, ஆள்கள். கேள்வி கேட்க ஒருவர், எழுதிக்கொள்ள ஒருவர் என இருவர் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்ய முற்பட்டால், எழுதும்போது முகத்தைப் பார்க்க இயலாமற் போகும்.

மூன்றாவதாக, தொடக்கம். அனைவரும் அறிந்த தாலாட்டையோ, பழைய திரைப்பாடலையோ, தைப்பூசக் காவடிப் பாட்டையோ வழிநடத்துநர் பாதி பாடி நிறுத்தட்டும். மீதியை அவர்கள் முடிப்பார்கள். உடனே எவரும் முடிக்காவிடினும் அவசரப்படலாகாது. பத்து விநாடி மௌனம் நமக்கு நீண்டதாகத் தோன்றும். முதியவருக்கு அது சொல்லைத் தேடி எடுக்கும் நேரம்.

நான்காவதாக, கைப்பொருள். கொழுந்துக் கூடை, ஒரு பிடி பச்சைத் தேயிலை, பழைய பித்தளைச் செம்பு போன்ற பொருள் ஒன்றைக் கைமாற்றிக் கொடுக்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு உளியும் மங்கும் வாளியும் போதும். ஒட்டுப்பாலின் நாற்றமே ஒரு காலத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

ஐந்தாவதாக, கேள்வி. ‘அது எந்த ஆண்டு?’, ‘அந்தத் துரை பெயர் என்ன?’ என்பன தேர்வுக் கேள்விகள். விடை தெரியாதபோது அவை வெட்கத்தைத் தரும். ‘மூடுபனி இறங்கும்போது என்ன சத்தம் கேட்கும்?’, ‘மழை வந்தால் மனம் எப்படி இருக்கும்?’ என்று புலன்களைத் தொட்டுக் கேட்க வேண்டும். இங்கு மலைக்கும் சமவெளிக்கும் வேற்றுமை உண்டு. மரம் நனைந்தால் பால்வெட்டு நின்றுவிடும். ஆகவே ரப்பர்த் தோட்டத்தாருக்கு மழை என்பது ஓய்வும் கூலிக் குறைவும் சேர்ந்தது. தேயிலை மலையிலோ நனைந்துகொண்டே கொழுந்து கிள்ளிய நாள்கள் பல. ஒரே கேள்விக்கு இரு வேறு கவிதைகள் பிறக்கும்.

ஆறாவதாக, எழுதுதல். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, மூடுபனியைப் பற்றிய கேள்விக்கு மூவர் இவ்வாறு விடையளித்ததாகக் கொள்வோம். விளக்கத்திற்காக நாமே அமைத்த அடிகள் இவை:

பனி எறங்குனா கங்காணி கொரலு மட்டும் வரும், ஆளு வராது.
கூடை நனைஞ்சி புள்ளை கனம் கனக்கும்.
ஆயாக் கொட்டகையில விட்ட புள்ளை அழுவுறாப்புலயே கேக்கும்.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் அதுவே ஒரு கவிதை. மூடுபனியில் தொடங்கிய பேச்சு, தாயின் ஏக்கத்தில் முடிந்துவிட்டது. ‘கொரலு’ என்பதைக் ‘குரல்’ என்றும், ‘அழுவுறாப்புல’ என்பதை ‘அழுவது போல’ என்றும் திருத்தினால், சொன்னவரின் குரல் அதிலிருந்து போய்விடும். செந்தமிழ் நமக்குப் பெருமையே. ஆனால் இங்கு எழுதுபவர் ஆசிரியரல்லர், எழுத்தரே.

ஏழாவதாக, திரும்பப் படித்தல். எழுதியதை அவரவர் பெயருடன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இது விடக்கூடாத படியாகும். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய பெயர்ப்பட்டியலில் ஆள் கணக்காக இருந்தவர், தம் சொல் தம் பெயருடன் சபையில் ஒலிப்பதை அப்போதுதான் கேட்கிறார். பெரிய எழுத்தில் ஒரு படி எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டால், பார்க்க வரும் பிள்ளைகளிடம் காட்டிப் பேச அவருக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

கவனத்திற்குரிய சில

ஒப்பாரி நம் தாய்மார்களின் கவித்திறம் மிகுந்து விளங்கும் வகையாகும். ஆயினும், சாவு நிகழாத வீட்டில் அதனைப் பாடுவது ஆகாது என்பது பலரின் நம்பிக்கை. பாட மறுத்தால் வற்புறுத்தலாகாது. சிலர் வீட்டிற்கு வெளியே, கோயிலை விட்டுத் தள்ளிச் சென்று பாட இசையலாம். சிலர் பாடாமல் பொருளை மட்டும் சொல்லலாம். அவர்கள் விருப்பமே முடிவானது.

பேச்சினிடையே கண்ணீர் வரக்கூடும். இறந்த பிள்ளையும், பிரிந்து வந்த ஊரும், காணாமற் போன உடன்பிறப்பும் பாட்டுக்குள் இருக்கின்றனர். உடனே பேச்சை மாற்றிச் சிரிக்கவைக்க முயல வேண்டியதில்லை. அருகிலிருந்து கையைப் பற்றிக்கொள்வதே போதும். வருத்தம் மிகுந்தால் அன்றைய கூட்டத்தை ஒரு கும்மியுடனோ சாமி பாட்டுடனோ முடித்துவிடலாம்.

மறதி நோய் உற்றவர் ஒரே அடியைப் பத்து முறை சொன்னாலும் ‘இதைத்தான் சொல்லிவிட்டீர்களே’ என்று கூறலாகாது. பத்து முறையும் அதனைப் பல்லவியாக ஏற்று அனைவரும் பின்பாடலாம். ஒலிப்பதிவு செய்வதற்கும், எழுதியதை வெளியிடுவதற்கும் அவரிடமும் குடும்பத்தாரிடமும் முன்கூட்டியே இசைவு பெறுதல் வேண்டும்.

யார் செய்வது?

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் மூத்த குடிமக்களாகக் கொள்ளப்படுகின்றனர். 2030ஆம் ஆண்டளவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இப்பிரிவினராக இருப்பர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. முதியோருக்கான தேசியக் கொள்கை 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, 2011ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்காகச் சமூகநல இலாகா ‘ருமா ஸ்ரீ கெனாங்கான்’ என்னும் இல்லங்களை நடத்தி வருகிறது. ‘கெனாங்கான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு நினைவு என்பது பொருள். தத்தம் வீட்டிலேயே வாழ்வோர் பகற்பொழுதில் கூடுவதற்கு முதியோர் நடவடிக்கை மையங்களும் உள்ளன. இத்தகைய இடங்களுக்குச் செல்ல விரும்புவோர் பொறுப்பாளரிடம் முன்னரே அனுமதி பெற்று, குறித்த நாளில் தவறாமல் செல்ல வேண்டும். வருவதாகச் சொல்லி வராதிருப்பது முதியவர் மனத்தை மிகவும் வருத்தும்.

இல்லத்திற்குச் செல்ல வாய்ப்பில்லாதவர்களுக்கும் பணி உண்டு. கேமரன் மலையில் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ரப்பர்த் தோட்டங்களை அடுத்தும் பல பள்ளிகள் இயங்குகின்றன. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் வாரம் ஒரு பாட்டைத் தம் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதி வரலாம். பேரப்பிள்ளை எழுத, பாட்டி சொல்ல, இருவரும் ஆசிரியராவர். கோயில் நிருவாகத்தினரும் இளைஞர் மன்றத்தினரும் ஆண்டுத் திருவிழாவில் அரைமணி நேரத்தை மூத்தோர் பாட்டுக்கென ஒதுக்கலாம். அக்டோபர் 1ஆம் நாள் அனைத்துலக முதியோர் தினமாகும். அன்று அவர்களுக்குப் பழக்கூடை வழங்குவதோடு, அவர்கள் வழங்குவதையும் நாம் பெற்றுக்கொள்ளலாம்.

இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும், திண்ணையில் அமர்ந்திருக்கும் அன்னையிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துடன் சென்று அமருங்கள். ‘என்னைத் தொட்டிலில் போட்டு என்ன பாடினீர்கள், அம்மா?’ என்று கேளுங்கள். முதல் நாள் ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்றுதான் அவர் சொல்வார். மறுநாளும் கேளுங்கள்.